மழை அளந்த கையும் புக்கிட் மேராவின் எண்களும்

என் தாத்தா மழை அளந்தவர். லகாட்டுக்கு அப்பால் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீசில் அவருக்கு எடுபிடி வேலை. கதவு திறப்பது, மேசை துடைப்பது, கடிதம் கொண்டு போவது ஆகியவற்றோடு இன்னொரு பொறுப்பும் அவரிடம் இருந்தது. ஆபீசுக்கு முன்னால் புல்தரையில் சிறிய வேலிக்குள் ஒரு செம்புக் குழாய் நட்டு வைத்திருந்தார்கள். தினமும் காலை எட்டு மணிக்கு அதைத் திறந்து, உள்ளே போத்தலில் சேர்ந்திருக்கும் மழைநீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்ப்பார். பார்த்த எண்ணை ஒரு நீளமான புத்தகத்தில் எழுதுவார். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர். ஆனால் எண்களை முத்து முத்தாக எழுதுவார். முதலில் அங்குலக் கணக்கு, பிறகு மில்லிமீட்டர்.

தோட்டத்துக்கு அந்த எண் எதற்கு? காலையில் மழை என்றால் மரம் ஈரமாக இருக்கும். பால் வெட்ட முடியாது. மாதத்தில் எத்தனை நாள் வேலை நின்றது, உரம் எப்போது போடலாம், பால் ஏன் குறைந்தது என்பதற்கெல்லாம் துரைக்குக் கணக்கு வேண்டும். எங்கள் வீட்டில் மழை என்றால் சம்பளம் குறையும் நாள். ஆபீசில் மழை என்றால் ஓர் எண்.

"ஒரு சொட்டும் இல்லாத நாளில் என்ன தாத்தா எழுதுவீங்க?" என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். "சுழியம் போடணும்யா. ஒண்ணும் இல்லேன்னு விட்டுட்டா, மழை பெய்யலையா, நான் வரலையான்னு பின்னாடி பார்க்குறவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தபோதுதான் அந்தப் பதிலின் அருமை எனக்குப் புரிந்தது. 'அளவு இல்லை' என்பதும் 'அளக்கவில்லை' என்பதும் வேறு வேறு. சுற்றுச்சூழல் கண்காணிப்பு என்ற துறையின் முதல் பாடம் இதுதான். ஒரு வட்டாரத்தின் தட்பவெப்பம் இப்படி இருக்கும் என்று சொல்வதற்கு உலக வானிலை அமைப்பு முப்பது ஆண்டுச் சராசரியை அடிப்படையாகக் கொள்கிறது என்பதையும் அங்கேதான் படித்தேன். தாத்தா முப்பத்தோர் ஆண்டு எழுதினார். தோட்டம் கைமாறித் தாமான் ஆனபோது ஆபீசைக் காலி செய்தவர்கள் பழைய புத்தகங்களைக் குப்பையோடு போட்டு எரித்துவிட்டார்கள். ஓர் ஊரின் ஒரு தலைமுறை மழை ஒரே மாலையில் புகையாகிப் போனது.

எண்ணைத் தொலைத்தவன் என்ற முறையில்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். எங்கள் லகாட்டில், எண்களுக்காக ஊர் மக்கள் நீதிமன்றம் வரை போன கதை ஒன்று உண்டு. இன்றைய மாணவர்களில் பலருக்கு அது தெரியாது. கண்காணிப்பு என்றால் என்ன என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் பாடம் நம் நாட்டில் வேறில்லை என்பது என் கருத்து.

காற்றும் நீரும் எப்படி எண்ணாகின்றன?

முதலில் சில அடிப்படைகள். நாம் அடிக்கடி கேள்விப்படுவது காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு, அதாவது ஐ.பி.யு. நுண்துகள் இரண்டு வகை, தரைமட்ட ஓசோன், கந்தக டையாக்சைடு, நைட்ரஜன் டையாக்சைடு, கார்பன் மோனாக்சைடு என்று ஆறு பொருள்களைத் தனித்தனியே அளந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை எண் கணக்கிடுகிறார்கள். அந்த ஆறில் எது பெரியதோ அதுவே அன்றைய குறியீடு. 50 வரை நல்ல காற்று. 100 வரை மிதம். 101 முதல் 200 வரை ஆரோக்கியமற்றது. 300ஐத் தாண்டினால் ஆபத்து. மயிரிழையைவிட மிக மெல்லிய, நுரையீரலின் ஆழம் வரை செல்லக்கூடிய 2.5 மைக்ரோன் துகள் 2018ஆம் ஆண்டில்தான் இந்தக் கணக்கில் சேர்க்கப்பட்டது. அதற்கு முன் அந்தத் துகள் காற்றில் இல்லாமல் இல்லை. குறியீட்டில் இல்லை, அவ்வளவுதான்.

ஆறுகளுக்கு நீர்த்தரக் குறியீடு உண்டு. இதிலும் ஆறு அளவுகள்: கரைந்த ஆக்சிஜன், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, வேதி ஆக்சிஜன் தேவை, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திடப்பொருள், காரகாடித் தன்மை. மொத்தக் கணக்கு 81க்கு மேல் வந்தால் தூய்மை. 60க்குக் கீழே போனால் மாசடைந்த ஆறு. சாக்கடை நீர், பன்றிப் பண்ணைக் கழிவு, பனையெண்ணெய் ஆலைக் கழிவு, மண்ணரிப்பு ஆகியவற்றைக் கண்டுபிடிக்க இந்தக் கணக்கு நன்றாக உதவும். ஆனால் இந்த ஆறில் ஆர்சனிக் இல்லை, காரீயம் இல்லை, கதிரியக்கம் இல்லை. அவற்றைத் தனியாகத் தேடினால்தான் தெரியும். குறியீட்டில் 'தூய்மை' என்று வரும் ஆற்றில், குறியீடு தேடாத நஞ்சு ஓடிக்கொண்டிருக்கலாம்.

கருவி பொய் சொல்வதில்லை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறது. அந்தக் கேள்வியை முடிவு செய்பவர் யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஈயத்தின் எச்சம்

கிந்தா பள்ளத்தாக்கு ஈயத்தால் எழுந்த பூமி. லகாட், பூசிங், பாப்பான், மெங்லெம்பு, பத்து காஜா என்று எங்கு பார்த்தாலும் லம்பம். இன்று நாம் மீன் பிடிக்கும் குட்டைகளில் பெரும்பாலானவை பழைய லம்பக் குழிகளே. ஈய மணலைக் கழுவிப் பிரித்த பின் கனமான கருமணல் ஒன்று மிஞ்சும். அதற்கு 'அமாங்' என்று பெயர். இல்மனைட், சிர்க்கோன், மோனசைட், செனோடைம் ஆகிய கனிமங்கள் அதில் கலந்திருக்கும்.

மோனசைட் நம்மவர்களுக்குப் புதிதல்ல. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரைக் கருமணலில் இருப்பதும் இதுவே. அப்பகுதியிலிருந்து போன கயிற்று நாரில் ஒட்டியிருந்த மணலில், 1909இல், சோம்பர்க் என்ற ஜெர்மானியர் இதைக் கண்டுகொண்டார். அக்காலத்தில் எரிவாயு விளக்கின் ஒளிவலைக்குத் தோரியம் தேவைப்பட்டது. மோனசைட்டுக்காகக் கப்பல்கள் வந்தன. பிறகு மின்விளக்கு வந்தது, தேவை மாறியது. அதே மோனசைட்டில் இருக்கும் அரிய மண் தனிமங்களுக்கு மதிப்பு ஏறியது. வண்ணத் தொலைக்காட்சித் திரைக்கும், காந்தங்களுக்கும், இன்று மின்சாரக் காருக்கும் காற்றாலைக்கும் இந்தத் தனிமங்கள் வேண்டும்.

சிக்கல் இதுதான்: அரிய மண்ணைப் பிரித்து எடுத்தால் தோரியம் மிஞ்சும். முன்பு தோரியம் சரக்கு, மற்றது கழிவு. இப்போது மற்றது சரக்கு, தோரியம் கழிவு. தோரியத்தின் அரை ஆயுள் ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டு. அதாவது பூமியின் வயதைவிட மூன்று மடங்கு.

ஆலை வந்தது

ஏஷியன் ரேர் எர்த் என்ற நிறுவனம் 1979இல் தொடங்கப்பட்டது. ஜப்பானின் மிட்சுபிஷி வேதித்தொழில் நிறுவனம் அதன் பெரிய பங்குதாரர்களில் ஒன்று. 1982இல் புக்கிட் மேராவில் ஆலை இயங்கத் தொடங்கியது. வடக்கே ஏரிக்குப் பெயர் பெற்ற புக்கிட் மேராவோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இது லகாட்டை ஒட்டிய சீனர் புதுக்கிராமம். கடித முகவரியிலும் லகாட் என்றுதான் வரும்.

கழிவைக் கொட்ட முதலில் பாரிட்டில் இடம் பார்த்தார்கள். அங்கே எதிர்ப்பு எழுந்ததும் பாப்பானுக்கு மாற்றினார்கள். ஜப்பானியர் காலத்தில் சிபில் கார்த்திகேசு காயம்பட்ட போராளிகளுக்கு மருத்துவம் பார்த்த அதே சிற்றூர். 1983 இறுதியில் அங்கே குழிகள் வெட்டப்பட்டன. 1984இல் ஊர் மக்கள் திரண்டார்கள். சுற்று வட்டாரத்தைச் சேர்ந்த 6,700 பேர் கையெழுத்திட்ட மனு அரசுக்குப் போனது. அதே ஆண்டு அரசின் அழைப்பின் பேரில் அனைத்துலக அணுசக்தி முகமையின் வல்லுநர்கள் வந்து பார்த்து, அந்தக் குழிகள் பாதுகாப்பானவை அல்ல என்று சொன்னார்கள். 1985 தொடக்கத்தில், கழிவுக்கிடங்கு கிளேடாங் மலைத்தொடருக்கு மாற்றப்படும் என்று அறிவிக்கப்பட்டது.

அதுவரை கழிவு எங்கே இருந்தது? ஆலையைச் சுற்றித்தான். ஜப்பானின் சைத்தாமா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கதிரியக்க உயிரியல் அறிஞர் சடாவோ இச்சிகாவா 1984 டிசம்பரில் கருவியோடு வந்து ஆலையைச் சுற்றி அளந்தார். ஆலையை அடுத்த திறந்த வெளியிலும் குட்டையோரத்திலும் அளவு மிக அதிகம் என்றார். அவர் கண்ட உச்ச அளவு, அனுமதிக்கப்பட்டதைப் போல 800 மடங்கு. 1985 பிப்ரவரி 1ஆம் தேதி, புக்கிட் மேராவைச் சேர்ந்த எட்டுப் பேர் தங்களுக்காகவும் ஊருக்காகவும் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார்கள். அவ்வாண்டு அக்டோபர் 14ஆம் தேதி, தக்க பாதுகாப்பு ஏற்பாடு செய்யும் வரை கதிரியக்கக் கழிவை உண்டாக்கவோ வைத்திருக்கவோ கூடாது என்று நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

ஒரே ஊர், இரண்டு அளவுகள்

இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். ஊர் மக்கள் தரப்பு வல்லுநர்கள் அளந்தார்கள், ஆபத்து என்றார்கள். ஆலைத் தரப்பு வல்லுநர்களும் அளந்தார்கள். வரம்புக்குள் இருக்கிறது என்றார்கள். இருவர் கையிலும் கருவி இருந்தது. ஒருவர் பொய் சொல்கிறார் என்றுதான் பொருளா? அவ்வளவு எளிதல்ல. கதிரியக்க அளவீடு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால், இரண்டு நேர்மையான மனிதர்கள்கூட இரண்டு முடிவுக்கு வர முடியும் என்பது புரியும்.

முதலாவது, நேரக் கணக்கு. இயற்கையில் உள்ள கதிரியக்கத்துக்கு மேல், பொதுமக்கள் ஒருவருக்கு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் வரை என்பது இன்று உலக நாடுகள் பின்பற்றும் வரம்பு. கருவியோ ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்றுதான் காட்டும். ஓர் இடத்தில் கருவி, இயற்கை அளவுக்கு மேல் மணிக்கு 1 மைக்ரோசீவர்ட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ஒருவர் இரவும் பகலும் அங்கேயே இருந்தால் ஆண்டுக்கு 8.76 மில்லிசீவர்ட், வரம்பைப் போல் ஏறக்குறைய ஒன்பது மடங்கு. அதே இடத்தை ஒருவர் நாளுக்கு ஒரு மணி நேரம்தான் கடந்து போகிறார் என்றால் 0.365 மில்லிசீவர்ட், வரம்பில் மூன்றில் ஒரு பங்கு. கருவி ஒன்று, எண் ஒன்று, முடிவு இரண்டு! அங்கே யார், எத்தனை மணி நேரம் இருக்கிறார் என்பதைக் கருவி சொல்லாது. மாடு மேய்ப்பவரையும் குட்டையோரம் விளையாடும் பிள்ளையையும் தெரிந்தவர்தான் சொல்ல முடியும்.

இரண்டாவது, எதை அளப்பது என்ற கேள்வி. தோரியம் சிதையும்போது வரிசையாகப் பல தனிமங்கள் பிறக்கின்றன. அவற்றுள் ஒன்று தோரான் என்னும் வாயு. அதன் அரை ஆயுள் 55 விநாடிதான். கழிவுக் குவியலின் மேல் அளந்தால் இருக்கும். வேலிக்கு அப்பால் போய் அளந்தால் பெரும்பாலும் மறைந்திருக்கும். மறைந்து எங்கே போயிற்று? காரீயத்தின் கதிரியக்க வடிவமாக மாறித் தூசியில் ஒட்டிக்கொள்கிறது. அதன் அரை ஆயுள் 10.6 மணி நேரம். காற்றோடு ஊருக்குள் வர அது போதும். ஆகவே வாயுவை மட்டும் தேடியவர் 'ஒன்றுமில்லை' என்பார். தூசியை வடிகட்டி எடுத்து எண்ணியவர் வேறு சொல்வார்.

நீரிலும் இதே கதைதான். தோரியம் நீரில் எளிதில் கரையாது. ஆனால் அதிலிருந்து பிறக்கும் ரேடியம் அதைவிட எளிதாக நீரோடு நகரும். எலும்பு அதைச் சுண்ணாம்புச் சத்து என்று எண்ணி ஏற்றுக்கொள்ளும். குட்டை நீரில் தோரியம் இல்லை என்று ஓர் அறிக்கை சொன்னால், ரேடியத்தைத் தேடினீர்களா என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது, முன்பு எவ்வளவு இருந்தது என்பது. கிந்தா பள்ளத்தாக்கின் கருங்கல்லிலும் அமாங்கிலும் இயற்கையாகவே கதிரியக்கம் அதிகம். 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வின்படி, மண்ணிலிருந்து வரும் காமா கதிர் அளவு கிந்தா மாவட்டத்தில் சராசரியாக மணிக்கு 222 நானோகிரே. மலேசியச் சராசரி 92. உலகச் சராசரி ஏறத்தாழ 59. மாவட்டத்துக்குள்ளேயே 39 முதல் 1,039 வரை வேறுபடுகிறது. இப்படிப்பட்ட பூமியில் ஆலை வந்த பிறகு அளந்தால், இது மண்ணுடையது என்று ஒருவரும் ஆலையுடையது என்று மற்றொருவரும் சொல்ல இடமுண்டு. இந்த வழக்கைத் தீர்க்கக்கூடியது ஒன்றுதான்: அடிக்கல் நாட்டுவதற்கு முன், அதே இடத்தில், பருவத்துக்குப் பருவம் எடுத்து வைத்த கணக்கு. தாத்தா எழுதிய சுழியம் போல.

நீதிமன்றத்தில் எண்கள்

1987 பிப்ரவரியில் அணுசக்தி உரிம வாரியம் கொடுத்த உரிமத்தோடு ஆலை மீண்டும் இயங்கியது. ஏப்ரலில் ஏறத்தாழ 10,000 பேர் புக்கிட் மேராவில் ஊர்வலம் போனார்கள். செப்டம்பர் 7ஆம் தேதி ஈப்போவில் விசாரணை தொடங்கியது. அடுத்த மாதமே லாலாங் நடவடிக்கை வந்தது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டவர்களில் புக்கிட் மேரா போராட்டக் குழுத் தலைவர்களும் இருந்தார்கள். அவர்களுக்காக வழக்காடிய பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் வழக்கறிஞர் மீனாட்சி ராமனும் இருந்தார். வெளியே வந்ததும் அவர் மீண்டும் வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றம் போனார். இந்த வழக்கில் நம் பெண் ஒருவர் நின்ற இடத்தை நம் மாணவியர் அறிந்திருக்க வேண்டும்.

ஊர் மக்களின் உடல்நிலையை ஆராய்ந்து சாட்சி சொன்னவர் மருத்துவர் தி. ஜெயபாலன். ஏறத்தாழ 11,000 பேர் வாழ்ந்த ஊரில் ஐந்தாண்டுக்குள் எட்டுப் பேருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது என்றும், அவர்களில் எழுவர் பின்னர் இறந்தனர் என்றும் பதிவாகியுள்ளது. ஆலையே காரணம் என்பதை நிறுவனம் ஏற்கவில்லை. அறிவியல் முறைப்படி பார்த்தாலும், சிறிய ஊரில் எட்டு என்ற எண்ணை வைத்துக் காரணத்தை நிறுவுவது கடினம். ஆலை வருவதற்கு முன் அந்த ஊரின் நோய்க் கணக்கும், ஒவ்வொருவரும் பெற்ற கதிர் அளவும் வேண்டும். ஆனால், கணக்கு இல்லாதது நோயாளியின் குற்றமா? நிரூபிக்கும் பாரத்தை, கருவி வாங்க வசதியற்றவர் தோளில் ஏற்றுவது முறையா? இந்தக் கேள்வி புக்கிட் மேராவோடு முடிந்துவிடவில்லை.

விசாரணை 1990 பிப்ரவரி வரை நீண்டது. 1992 ஜூலை 11ஆம் தேதி நீதிபதி பே சுவீ சின் ஊர் மக்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 14 நாளில் ஆலையை மூட வேண்டும் என்றார். நிறுவனம் மேல்முறையீடு செய்தது. மூடும் ஆணை நிறுத்தி வைக்கப்பட்டது. 1993 டிசம்பர் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. அதற்குச் சொன்ன காரணங்களைக் கவனியுங்கள். ஆலைத் தரப்பு வல்லுநர்கள் ஆலைக்குள்ளேயே சோதனை நடத்தியவர்கள். ஆகவே அவர்கள் சான்று நம்பத் தகுந்தது என்பது ஒன்று. உரிமத்தை ரத்து செய்யும் அதிகாரம் உரிம வாரியத்துக்கு இருப்பதால் ஊர் மக்கள் அங்கே போயிருக்க வேண்டும் என்பது மற்றொன்று.

முதல் காரணத்தை நான் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. உள்ளே போய் அளந்தவர் எண்ணுக்கு மதிப்பு அதிகம் என்பது பார்வைக்கு நியாயம்தான். ஆனால் வேலிக்கு உள்ளே நுழையும் சாவி யார் கையில் இருந்தது? அளக்கும் உரிமை ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாதபோது, நல்ல கருவி கொண்டவரா வெல்கிறார், நல்ல இடத்தில் நிற்க முடிந்தவரா வெல்கிறார்?

வழக்கில் வென்ற சில வாரங்களில், 1994 ஜனவரியில், நிறுவனம் ஆலையை மூடுவதாக அறிவித்தது. மக்கள் தோற்ற வழக்கில் ஆலை மூடியது! எட்டாண்டு நின்ற ஊரின் உறுதிக்கு நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு கனம் இருந்தது.

கழுவி முடியாத கணக்கு

மூடினால் முடிந்துவிடுமா? துப்புரவு வேலை பல ஆண்டுகள் நீண்டது. அதன் செலவு 10 கோடி அமெரிக்க டாலர் என்று 2011இல் செய்தி வெளியானது. ஆலையைப் பிரித்து, அடியிலிருந்த மண்ணையும் தோண்டி, 11,000 லாரிச் சுமை அகற்றினார்கள். 80,000க்கு மேற்பட்ட இரும்புப் பீப்பாய்க் கழிவுகளைக் கிளேடாங் மலையில் களிமண்ணும் கருங்கல்லும் கொண்டு புதைக்கும் பணி தொடர்ந்தது. நிறுவனம் பொறுப்பை ஏற்காமலேயே, உடன்பாட்டின் பேரில், ஊர்ப் பள்ளிகளுக்கு 1,64,000 டாலர் கொடுத்தது. துப்புரவுக்கான 10 கோடியையும் பள்ளிக்கான இந்தத் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வேறு விளக்கம் தேவையில்லை.

ஈப்போவிலிருந்து மேற்கே பார்த்தால் கிளேடாங் மலை நீலமாகத் தெரியும். அழகான மலை. அதனுள்ளே இருப்பதை நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளும் கண்காணித்துக்கொண்டிருக்க வேண்டும்.

இன்றைய கேள்விகள்

பழங்கதைதானே என்று யாரும் எண்ண வேண்டாம். ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் தாதுவைச் சுத்திகரிக்கும் லைனாஸ் ஆலை, குவாந்தானை அடுத்த கெபெங்கில் 2012 இறுதியில் இயங்கத் தொடங்கியபோது, அதை எதிர்த்தவர்கள் முதலில் சொன்ன பெயர் புக்கிட் மேரா. 2022இல் நம் பேராக்கிலேயே, உலு பேராக்கில் உள்ள கெனெரிங்கில், களிமண்ணிலிருந்து அரிய மண் எடுக்கும் முன்னோடித் திட்டம் தொடங்கியது. இது கதிரியக்கமற்ற அரிய மண் என்கிறார்கள். இந்த வகைக் களிமண்ணில் தோரியம் மிகக் குறைவு என்பது உண்மையே. ஆனால் மலைச்சரிவில் அம்மோனியம் சல்பேட் கரைசலைச் செலுத்தி வடித்தெடுப்பது இதன் முறை. அங்கே கதிரியக்கக் கருவியைக் கொண்டுபோய் 'ஒன்றுமில்லை' என்று சொல்வதில் பொருளில்லை. கீழே ஓடும் சிற்றோடையில் அம்மோனியா நைட்ரஜனையும் கரைந்து வரும் உலோகங்களையும் பார்க்க வேண்டும். ஊருக்கு ஊர் ஆபத்து மாறும். கேள்வியும் மாற வேண்டும்.

எண் இருந்தும் அது மக்களிடம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் புகைமூட்டம் காட்டியது. 2005 ஆகஸ்டுக்கு முன் சில ஆண்டுகள், காற்றுக் குறியீட்டின் எண்களை அரசு பொதுமக்களுக்குத் தரவில்லை. கருவிகள் இரவும் பகலும் எண்ணிக்கொண்டுதான் இருந்தன. இருமும் குழந்தையின் தாய்க்கு மட்டும் அந்த எண் தெரியாது. அந்த ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகத்திலும் கோல சிலாங்கூரிலும் குறியீடு 500ஐத் தாண்டி அவசரகாலம் அறிவிக்கப்பட்டபோதுதான் எண்கள் வெளியே வந்தன. இன்று கைப்பேசியில் மணிக்கு மணி பார்க்கிறோம். அது தானாக வந்த வசதி அல்ல.

நாம் செய்யக்கூடியவை

எந்த அறிக்கை கைக்கு வந்தாலும் ஐந்து கேள்வி கேட்கப் பழகுவோம். எங்கே அளந்தார்கள்? எப்போது, எவ்வளவு காலம் அளந்தார்கள்? எதை அளந்தார்கள், எதை விட்டார்கள்? அதற்கு முன் எவ்வளவு இருந்தது? அளந்தவர் யார், அந்த எண் யார் கையில் இருக்கிறது? இந்த ஐந்துக்கும் பதில் சொல்லாத அறிக்கை, எவ்வளவு தடிமனாக இருந்தாலும், அரைகுறைதான். இதற்கு அறிவியல் பட்டம் தேவையில்லை. சட்டம், கணக்கியல், தமிழ் படிப்பவர்களும் கேட்கலாம், கேட்க வேண்டும்.

இன்னொன்று, நம் பேரவை மாணவர்கள் மட்டுமே செய்யக்கூடியது. நம் பாட்டன் பூட்டன் வேலை செய்த தோட்டங்களில் மழைப் புத்தகம் இருந்தது. பல தோட்டங்களின் எண்கள் வடிகால் நீர்ப்பாசனத் துறைக்கும் போயின. ஆனால் எல்லாமே போய்ச் சேர்ந்தன என்று சொல்ல முடியாது. இன்றும் சில வீடுகளில், ஓய்வுபெற்ற கிராணிமார்களின் தகரப் பெட்டிகளில், பழைய நாட்குறிப்புகளும் தோட்டக் கணக்குகளும் கிடக்கின்றன. வெள்ளம் எந்த லயத்து வாசல் வரை வந்தது, எந்த ஆண்டு கிணறு வற்றியது, எந்த ஆற்றில் எப்போது மீன் மிதந்தது என்று சொல்லக்கூடிய முதியவர்களும் இருக்கிறார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது கேளுங்கள், தேதியோடு எழுதுங்கள், பக்கங்களைப் படம் எடுத்து வையுங்கள். பேரவை இதை ஓராண்டுத் திட்டமாக எடுத்தால், வரலாற்றுத் துறைக்கும் புவியியல் துறைக்கும் அது பயன்படும்.

பால் வெட்டிய சமூகம், பாதை போட்ட சமூகம் என்று நம்மைப் பற்றிச் சொல்வார்கள். இந்த நாட்டின் மழையை அளந்து எழுதிய சமூகம் என்றும் சொல்லலாம். அந்தப் புத்தகம் நம் கையில் இல்லாததால் சொல்ல முடியவில்லை.

தாமானில் என் வீட்டுக்குப் பின்னால் இப்போது ஒரு பிளாஸ்டிக் மழைமானி இருக்கிறது. விலை இருபது ரிங்கிட்டுக்கும் குறைவு. காலை எட்டு மணிக்கு நானோ என் மகளோ பார்த்து எழுதுகிறோம். நேற்று மழை இல்லை. சுழியம் போட்டிருக்கிறோம்.